அக்காவுக்கு இன்று பிறந்தநாளாம்

1

புத்தாண்டன்று காலையில் தேநீருக்குத் தண்ணீர் வைத்துவிட்டுப் போனைத் திறந்தேன். அக்கா சிரித்துக்கொண்டிருந்தாள். படத்தைச் சுற்றிப் பலூன்கள் பறந்தன. ‘இன்று சரஸ்வதிக்குப் பிறந்தநாள்! அவரை மகிழ்வியுங்கள்’ என்று தமிழ் மாதிரியான ஒரு தமிழில் ஒரு வரி. அதற்கு அடியில் இரண்டு பெட்டிகள். ஒன்றில் ‘வாழ்த்து எழுது’. இன்னொன்றில் ‘பிறகு நினைவூட்டு’.

அக்கா போன ஐப்பசியில் செத்துப்போனாள்.

அவளுக்குப் பிறந்த தேதி என்று ஒன்று கிடையாது. கண்மாய் உடைந்த வருஷம், நல்ல மழைக்காலம் என்று அப்பா சொல்வார், அவ்வளவுதான். அவள் மகன் முருகேசன்தான் அவளுக்கு அந்த வலைத்தளத்தில் ஒரு கணக்கு ஆரம்பித்துக் கொடுத்தான். பிறந்த தேதி கேட்டிருக்கிறது. ஜனவரி ஒன்று என்று அதுவாகவே காட்டியிருக்கிறது. அவன் அப்படியே விட்டுவிட்டான். முதலில் நிற்பது எதுவோ அதையே உண்மை என்று எடுத்துக்கொள்கிற உலகம் இது.

எனக்கும் அதே கதைதான். எந்த இணையப் பக்கத்துக்குப் போய் மாநிலம் எது என்று பார்த்தாலும், அகர வரிசையில் அந்தமான் நிக்கோபார்தான் முதலில் நிற்கும். அவசரத்தில் மாற்ற மறந்துவிட்டு, சேலத்திலும் சாத்தூரிலும் உட்கார்ந்துகொண்டே அந்தமான்வாசி ஆகிவிட்டவர்கள் எத்தனை பேரோ! உண்மையிலேயே இங்கே போர்ட் பிளேரில் இருக்கிற நான் மாநிலத்தைத் தேர்ந்தெடுத்து, ஊர் புரோத்ராபூர் என்று அடித்து, பின்கோடையும் போட்டால், ‘மன்னிக்கவும், உங்கள் பகுதிக்கு அனுப்புவதில்லை’ என்று வருகிறது. பட்டியலில் முதல் இடம், பந்தியில் இடமில்லை.

பலூனுக்குக் கீழே நாலைந்து பேர் வாழ்த்தே எழுதிவிட்டார்கள். ‘மெனி மோர் ஹேப்பி ரிட்டர்ன்ஸ் ஆன்ட்டி.’ அதில் ஒருத்தர் ஐப்பசியில் இதே படத்துக்கு அடியில் கைகூப்பிய பொம்மை போட்டு ‘ஆர்.ஐ.பி.’ என்று எழுதியவர். அவரைக் கோபித்து என்ன செய்ய? அவர் விரல் எழுதியது. அவர் படிக்கவில்லை. அடுப்பில் தண்ணீர் கொதித்து வற்றிப்போனதை என் மனைவி வசந்தி வந்து சொல்லித்தான் கவனித்தேன்.

2

அக்கா செத்த அன்றைக்கு விடிந்ததும் முருகேசன் கூப்பிட்டான். “மாமா, அம்மா போயிருச்சு மாமா” என்றான். பக்கத்தில் இருந்தவர் போனை வாங்கி, சாயந்திரத்துக்குள் எடுத்துவிடுவோம், மழை விட்டு விட்டுப் பெய்கிறது, வைத்திருக்க முடியாது, நீங்கள் எப்படியாவது வந்து சேருங்கள் என்றார்.

அருப்புக்கோட்டைக்கும் போர்ட் பிளேருக்கும் நடுவே கடல் கிடக்கிறது. ஆனாலும் காலை விமானத்தைப் பிடித்தால் சென்னை, அங்கிருந்து மதுரை, அங்கிருந்து கார் என்று எட்டிவிடலாம். கணினி முன்னால் உட்கார்ந்தேன். எங்கள் ஊருக்குக் கடலுக்கடியில் கேபிள் வந்தபோது இனிமேல் பக்கங்கள் பறக்கும் என்று இனிப்பு கொடுத்துக்கொண்டோம். கேபிள் வந்ததும் பக்கங்களும் பெருத்துவிட்டன. டிக்கெட் பக்கம் திறப்பதற்கு முன்னால் ஓர் அழகான கடற்கரைப் படம் மெள்ள மெள்ளத் திறந்தது. அதில் ஒரு பெண் தொப்பி போட்டுக்கொண்டு படுத்திருந்தாள். அந்தமானுக்குச் சுற்றுலா வரச் சொல்லும் படம் அது. நான் அங்கிருந்து வெளியே போகத்தான் துடித்துக்கொண்டிருந்தேன்.

படத்தை மூடினால், அறிவிப்புகளை அனுப்பட்டுமா என்று ஒரு பெட்டி. அதை மூடினால், காப்பீடு வேண்டுமா என்று இன்னொன்று. ‘வேண்டாம், ஆபத்தை நானே ஏற்கிறேன்’ என்று சொன்னால்தான் விடும். அதையும் தாண்டினால், நான் மனிதன்தான் என்று நிரூபிக்க வேண்டும். போக்குவரத்து விளக்கு இருக்கும் படங்களையெல்லாம் தொடு என்றது. கம்பத்தையும் சேர்த்துத் தொட வேண்டுமா, விளக்கை மட்டுமா? என் அக்கா செத்துக் கிடக்கிறாள், நான் எந்த நாட்டுத் தெருவிலோ விளக்கு பொறுக்கிக்கொண்டிருக்கிறேன். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நிற்கும்போது எல்லாக் கட்டமும் விளக்காகத்தான் தெரிந்தது. மனிதன் இல்லை என்று முதல் தடவை தீர்ப்பு சொன்னது.

இரண்டாவது தடவை மனிதன் ஆனேன். பணம் கட்டும் இடத்தில் ஓடிபி வர வேண்டும். வெளியே மழை, டவர் வேலை செய்யவில்லை. போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வசந்தி வாசலுக்கும் மாடிக்கும் ஓடினாள். “ஏங்க, ஒரு டண்டா வந்துச்சு, போயிருச்சு!” என்று சிக்னல் கோட்டைப் பார்த்துக் கத்தினாள். எண் வந்து சேர்ந்தபோது திரையில், ‘உங்கள் நேரம் முடிந்துவிட்டது, முதலிலிருந்து தொடங்கவும்’ என்று இருந்தது. முதலிலிருந்து தொடங்கியபோது இடம் இல்லை.

அப்பா செத்தபோது நான் இதே ஊரில் டெலானிபூர் குவார்ட்டர்ஸில் இருந்தேன். அப்போது கப்பல்தான். டிக்கெட் கவுண்டரில் பெரிய வரிசை. தந்தியை வைத்துக்கொண்டு நின்ற என்னைப் பார்த்து, முன்னால் நின்ற பெங்காலி ஒருவர் என்ன என்று கேட்டார். சொன்னேன். அவர் திரும்பி, “அரே, இஸ்கா பாப் மர் கயா. ஆகே ஜானே தோ!” என்று ஒரு குரல் விட்டார், இவன் அப்பா செத்துவிட்டார், முன்னால் போக விடுங்கள் என்று. தெலுங்கன், மலையாளி, ராஞ்சிக்காரன் எல்லோரும் சுவரோடு ஒட்டிக்கொண்டு வழிவிட்டார்கள். அன்றைக்கும் நான் நேரத்துக்குப் போய்ச் சேரவில்லை, கப்பல் போகும் வேகம் அப்படி. ஆனால் அந்த வழி திறந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. இந்தப் பக்கத்தில் எத்தனையோ பெட்டிகள் இருந்தன. சாவு என்று சொல்வதற்கு ஒரு பெட்டி இல்லை.

3

என்னால் போக முடியவில்லை என்பது மட்டும் இல்லை. பிறந்த வீட்டுக் கோடி என்று ஒன்று இருக்கிறது, உங்களுக்குத் தெரியாததில்லை. ஒரு பெண் எத்தனை வயசில் செத்தாலும், எத்தனை பேரன் பேத்தி எடுத்திருந்தாலும், கடைசியாக அவள் மேல் விழவேண்டிய புதுப்புடவை கூடப்பிறந்தவன் கையால்தான் விழ வேண்டும். அவளுக்கு நான் ஒருத்தன்தான்.

ஊரில் இருக்கும் சித்தப்பா மகனைக் கூப்பிட்டு, எனக்குப் பதிலாக நீ எடுத்துப் போடு என்றேன். “பணம் கெடக்குது, நா பாத்துக்கிறேண்ணே” என்றான். அது முறையில்லை. கோடி என் காசில்தான் இருக்க வேண்டும். போனில் அனுப்பினேன். பச்சையாக ஒரு வட்டம் சுற்றி, டிங் என்று சத்தம் போட்டு, திரை முழுக்கக் கலர் காகிதம் கொட்டியது. ‘பாராட்டுகள்! உங்களுக்கு ஒரு பரிசு அட்டை. சுரண்டிப் பாருங்கள்!’

அதை எப்படி மூடுவது என்று தெரியவில்லை. தடவத் தடவ அது சுரண்டிக்கொண்டே போய், ‘பரவாயில்லை! அடுத்த முறை அதிர்ஷ்டம் கைகொடுக்கட்டும்’ என்றது.

அடுத்த முறை எனக்கு அக்கா ஏது?

மற்றதையெல்லாம் வீடியோவில் பார்த்தேன். யாரோ கூட்டத்துக்கு மேல் போனைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள். சங்கு ஊதும் சத்தம் விட்டு விட்டுக் கேட்டது. சித்தப்பா மகன் புடவையை விரித்ததைப் பார்த்தேன், அரக்கு நிறம். அது அவள் மேல் விழுவதற்குள் படம் உறைந்துவிட்டது. விரித்த புடவை காற்றிலேயே நின்றது. கொஞ்ச நேரத்தில் திரை கறுத்து, ‘அழைப்பின் தரம் எப்படி இருந்தது?’ என்று ஐந்து நட்சத்திரம் வரிசையாக நின்றது. வசந்தி என் கையிலிருந்து போனை வாங்கிக் கவிழ்த்து வைத்தாள்.

4

அக்கா சத்துணவுக் கூடத்தில் சமையல் வேலை பார்த்தவள். எழுதப் படிக்கத் தெரியும், ஆனால் போனில் எழுத்து அடிப்பது அவளுக்குச் சரிப்படவில்லை. “எறும்பு மாதிரி இருக்குடா, எதை அமுக்குனா எதுவோ வருது” என்பாள். அதனால் குரலாகவே அனுப்புவாள். தினமும் காலையில் ஒன்று வந்துவிடும். பொத்தானை அமுக்குவதற்கு முன்பே பேச ஆரம்பித்துவிடுவாள், எனவே எல்லாக் குரலும் “...க்கா பேசுறேன்” என்றுதான் தொடங்கும். என்னிடம் வந்த எந்தக் குரலிலும் முதல் எழுத்து கிடையாது.

நான் இங்கு வந்த புதிதில் ஞாயிற்றுக்கிழமைகளில் ஊர் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் எஸ்.டி.டி. பூத்தில் அவள் காத்திருப்பாள். அந்தமான் தூரம் என்பதால் அடிவயிற்றிலிருந்து கத்துவாள். கடைக்காரர் “இந்தம்மாவுக்கு போனே தேவையில்லை” என்று கிண்டல் பண்ணுவாராம். அந்தக் கத்தல் கடைசி வரை போகவில்லை. நான் அடுப்படியில் போனைத் தட்டினால் பக்கத்து வீட்டுத் தெலுங்கம்மா “தீதீ ஆ கயீ”, அக்கா வந்தாச்சு என்று சிரிப்பாள்.

என்ன பெரிதாகப் பேசிவிடுவாள்? தண்ணி வந்தது, தண்ணி வரவில்லை. யார் வீட்டில் விசேஷம். இட்லி மாவு புளிக்கவில்லை. ‘கப்பல் வந்துச்சா, காய்கறி என்ன வெல’ என்று கேட்பாள். கப்பல் வராவிட்டால் நாங்கள் பட்டினி கிடப்போம் என்று கடைசி வரை நம்பினாள். அவள் போன பிறகு தினம் காலையில் தேநீர் கொதிக்கும்போது பழைய குரல் ஒன்றை எடுத்துப் போட்டுக் கேட்பேன். பழைய தண்ணீர்ப் பிரச்சினை, பழைய மாவு. அந்தக் கொஞ்ச நேரத்துக்கு வீட்டில் அக்கா இருந்தாள்.

5

பதினாறாம் நாளுக்குக் கொஞ்சம் முன்னால், சாப்பிட்டு எழுந்த நேரம், போன் அதிர்ந்தது. திரையில் ‘அக்கா’ என்று வந்தது. அனுப்பியவன் முருகேசன். வங்கி ஓடிபி அவள் எண்ணுக்குத்தான் வரும் என்று அந்த சிம்மை அவன் வைத்திருந்தான். வந்தது கருமாதிப் பத்திரிகை. கறுப்புக் கரை, நடுவில் அதே சிரிப்புப் படம்.

வசந்தி எட்டிப் பார்த்துவிட்டு, “தேதியப் பாத்துக்கிட்டீங்களா? அப்ப உடனே எடுத்துருங்க. வீட்ல வெச்சிருக்கக் கூடாது” என்றாள்.

அவள் சொன்னதில் தப்பில்லை. கருமாதிப் பத்திரிகை வந்தால் வாசலில் நின்றே படித்து, தேதியை மனதில் வாங்கிக்கொண்டு, கிழித்து வெளியே போட்டுவிட்டுத்தான் உள்ளே வருவது நம் வழக்கம். இந்தப் பத்திரிகை வாசலைக் கேட்காமல் நேராக என் சட்டைப்பைக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது. இதை எப்படிக் கிழிப்பது? இன்னொரு தடவை அதைத் திறந்து அந்தச் சிரிப்பைக் கறுப்புக் கரைக்குள் பார்க்க எனக்குத் தெம்பில்லை. வெளியே பெயர் வரிசையில் அக்கா பெயருக்குக் கீழே ‘படம்’ என்று சின்னதாகத் தெரிந்தது. அதன்மேல் விரலை வைத்து அழுத்தினேன். மேலே குப்பைத்தொட்டி வந்தது. தொட்டேன். ஆங்கிலத்தில் ஏதோ கேட்டு இரண்டு பெட்டி போட்டது. அழிக்கட்டுமா என்றுதானே கேட்கும்? ஆமாம் என்றேன்.

பத்திரிகை போய்விட்டது. கைகால் கழுவிக்கொண்டு வந்து படுத்தேன்.

மறுநாள் காலையில் தேநீர் கொதிக்கிறது, அக்காவைத் தேடுகிறேன், அக்கா இல்லை. அந்தக் குப்பைத்தொட்டி பத்திரிகைக்கானது இல்லை, அவளுக்கானது. எத்தனையோ வருஷத்துக் காலைகள் ஒரே அமுக்கில் போயிருந்தன. ஒரு துண்டுச் சீட்டைக் கிழிக்கப் போனவனிடம், வீட்டையே இடிக்கப்போகிறாய் என்று தெளிவாகச் சொல்ல அதைக் கட்டினவர்களுக்கு ஒரு வரி கிடைக்கவில்லையா? பரிசு அட்டைக்கு அத்தனை கலர், அத்தனை சத்தம். இதற்கு ஒரு டிங் கூட இல்லை.

வசந்தி தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். “நான்தானே சொன்னேன், நான்தானே சொன்னேன்” என்று அன்று முழுவதும் அதே புலம்பல். அவளைத் தேற்றுவதா, நான் அழுவதா என்று தெரியாமல் இரண்டையும் செய்தேன்.

6

உதவிப் பக்கம் என்று ஒன்று இருந்தது. ‘வணக்கம் செல்வம்! நான் எப்படி உதவலாம்?’ என்று ஒரு பொம்மை கையாட்டியது. என் அக்காவின் குரல் போய்விட்டது என்று அடித்தேன். ‘மன்னிக்கவும், புரியவில்லை. கீழே உள்ளவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்’ என்றது. கீழே இருந்தது பணம், கடவுச்சொல், மற்றவை. மற்றவை என்பதைத் தொட்டால் மறுபடி பணம், கடவுச்சொல், மற்றவை. பொம்மை மட்டும் சிரித்துக்கொண்டே இருந்தது.

எங்கள் ஊர் டாலிகஞ்சில் போன் கடை வைத்திருக்கும் அந்தோணியிடம் கொண்டுபோனேன். தூத்துக்குடிப் பக்கத்துக் குடும்பம். அவர் என்னென்னவோ முயன்றுவிட்டு, “காப்பி எதுவும் மேல ஏறல சார். இடம் ஃபுல்லுன்னு எப்பவோ நின்னுபோச்சு” என்றார். பிறகு மெதுவாக, “நாங்க நினைவு அட்டைய ஜெபப் புத்தகத்துக்குள்ள வெச்சுக்குவோம் சார். கிழிக்க மாட்டோம்” என்றார். குத்திக்காட்டச் சொல்லவில்லை, வருத்தத்தில் சொன்னார். காசு வாங்க மறுத்துவிட்டார்.

ஒரு நம்பிக்கை பாக்கி இருந்தது. அனுப்பியவள் போனில் அனுப்பியது இருக்கும் அல்லவா? கருமாதிக்கு ஏஜெண்ட் மூலம் டிக்கெட் எடுத்துப் போனேன். தாய்மாமன் முறைக்கு முருகேசனுக்கு வேட்டி துண்டு கொடுத்து, சடங்கெல்லாம் முடித்து, பந்தி எழுந்த பிறகு அவனைத் தனியாகக் கூப்பிட்டு, அம்மாவின் போனைக் கொடு என்றேன். கொண்டுவந்தான். திரையில் பூனைக்குட்டி படம்.

“பாப்பாவுக்குப் படிக்க போனு வேணும்னுச்சு மாமா. இதுல எடமே இல்ல, சுத்திக்கிட்டே நின்னுச்சு. கடையில குடுத்து எல்லாத்தையும் அழிச்சுப் புதுசாக்கிட்டேன். நம்பரு மட்டுந்தான் அம்மாது” என்றான். என் முகத்தைப் பார்த்ததும் அவனுக்கு விளங்கிவிட்டது. “அதுல அம்மா குரலு இருந்துச்சுல்ல... நா நெனச்சே பாக்கல மாமா” என்று சுவரில் சாய்ந்துகொண்டான். வேட்டி துண்டு புது மடிப்புக் கலையாமல் அவன் தோளில் கிடந்தது. அவனை என்ன சொல்ல முடியும்? அவனும் என்னைப் போல ஏதோ ஒரு பெட்டியை அமுக்கியவன்தான்.

7

என் மகள் நித்யா புனேயில் வேலை பார்க்கிறாள். போர்ட் பிளேரில் பிறந்து வளர்ந்த பிள்ளை. பாதி இந்தி, பாதி தமிழ். தமிழை ஆங்கில எழுத்தில் அடிப்பாள். என்னால் அதை வாய்விட்டுப் படித்தால்தான் புரிந்துகொள்ள முடியும். குடும்பக் குழுவைச் சத்தமில்லாமல் ஆக்கி வைத்திருப்பதாக அவளே ஒருநாள் சொன்னாள். “தின்பர் குட் மார்னிங், நாள் முழுக்கப் பூ படம். யார் பாக்கறது அப்பா?” அவள் சொன்னதும் நியாயம்தான். ஆனால் வருஷம் போகப்போக எங்களையும் அப்படித்தான் ஆக்கிவிட்டாளோ என்று சில நாள் தோன்றும்.

புத்தாண்டன்று அந்தப் பலூனைப் பார்த்த பிறகு அவளைக் கூப்பிட்டேன். அக்கா போனது அவளுக்குத் தெரியும், குரல்களை நான் அழித்துவிட்டதை அதுவரை அவளிடம் சொல்லவில்லை. இப்போது எல்லாவற்றையும் சொன்னேன். முழுக்கக் கேட்டாள். பிறகு, “ருக்கோ அப்பா. ஒரு நிமிஷம்” என்றாள். ஏதோ தேடுகிறாள் என்று தெரிந்தது.

“அப்பா, அத்தை ஒருதடவ எனக்குன்னு சொல்லி ஏதோ பேசுனாங்கன்னு நீங்க எனக்கு அனுப்புனீங்க. யாத் ஹை?”

எனக்கு ஞாபகம் இல்லை.

“இருக்கு அப்பா. இன்னும் இருக்கு.” அவள் குரல் மாறிவிட்டது. “நான் இத தொறக்கவே இல்ல அப்பா. அப்படியே கெடக்குது. நான் கேக்கவே இல்ல.”

அனுப்பிவிட்டு நீ கேள் என்றேன். முடியாது, சேர்ந்து கேட்போம் என்றாள். அவள் அதைக் கணினியில் ஓடவிட்டு, போனை ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் வைத்தாள். வசந்தி ஈரக்கையோடு வந்து நின்றாள். அக்கா வந்தாள்.

“...க்கா பேசுறேன். தம்பி, நித்யாப் புள்ளைட்ட சொல்லு, வேல வேலைன்னு சாப்புடாமக் கெடக்க வேணாம்னு. எங்கிட்டு இருந்தாலும் நம்ம புள்ளதான், சரியா? ம்... வேறென்ன. கப்பல் வந்துருச்சா? இங்கிட்டு மழையே இல்ல. யப்பா, இந்த போனு என்னமோ கேட்டுக்கிட்டு நிக்கிதுடா, ரெண்டு பொட்டி போட்டு. இங்கிலீசுல இருக்கு. எது ஆமாம், எது இல்லைன்னு தெரியல. எதையாச்சும் அமுக்கி ஒம் படமெல்லாம் போயிருச்சுன்னா? நா ரெண்டையும் அமுக்கல. அது பாட்டுக்கு நிக்கட்டும். சரி, வையிடா.”

நித்யா அழுதாள். இன்னொரு தடவை போடு என்றேன், போட்டாள். மூன்றாவது தடவை அவளே போட்டாள்.

அவள் அதை எனக்கும் அனுப்பிவைத்தாள். இப்போது அது என்னிடமும் இருக்கிறது, முருகேசனிடமும் இருக்கிறது, அந்தோணி ஒரு சின்ன டப்பாவில் ஏற்றியும் கொடுத்திருக்கிறார். ஒரே ஒரு காலைதான். மற்ற காலைகள் போனது போனதுதான்.

அன்று போனை வைத்ததும் திரையில் மறுபடி பலூன்கள் பறந்தன. அக்கா சிரித்துக்கொண்டிருந்தாள். கீழே இரண்டு பெட்டி, வாழ்த்து எழுது, பிறகு நினைவூட்டு. விரல் வழக்கம்போலப் போனது.

நான் ரெண்டையும் அமுக்கவில்லை.